ரோபெர் அண்ணனின் மஞ்சள் விளக்கு

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூன் மாதம் ருக்மணி அக்கா பாரிஸிலிருந்து ஆறு வார விடுப்பில் வந்தார். விமான நிலையத்து வாசலில் அவருக்காகக் காத்து நின்றபோது அவருடைய கணவர் ரோபெர் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"இந்தத் தடவை அவளத் திருப்பி அனுப்ப மாட்டேன், தம்பி."

நான் தீவின் தெற்குக் கரையில், சுயாக் என்ற ஊரில், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன். பக்கத்தில் இருந்த பின்னலாடை ஆலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் வேலை. எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்ட முதல் ஆள் நான்தான். அதை ஆலையில் யாரும் கேட்கவில்லை. ரோபெர் அண்ணன் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், டாக்ஸி ஸ்டாண்டு முழுக்க "எங்க வீட்டு மாடியில எஞ்சினியர் இருக்கார்" என்று சொல்லியும் வைத்திருந்தார்.

கோவில் ரசீதில் அவர் பெயர் ராமலிங்கம். தெருவில் ரோபெர். இங்கே பல தமிழ் வீடுகளில் அப்படித்தான். வீட்டில் அவர்கள் பேசுவது, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரெயோல். தமிழ், தேவாரத்திலும் முறை சொல்லிக் கூப்பிடுவதிலும் இருந்தது. என்னோடும் கிரெயோலில்தான் பேசுவார். அங்கங்கே தம்பி, சாமி, விபூதி என்று வரும். மூன்று ஆண்டில் எனக்கு அந்தப் பேச்சு பழகிவிட்டது. அதை என் தமிழில் எழுதுகிறேன்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. இருபது வயதில் கரும்பு லாரி, பிறகு டாக்ஸி. ருக்மணி அக்கா கல்யாணமான புதிதில் ஸ்வெட்டர் தைக்கும் ஆலையில் இருந்தார். எண்பத்தொன்பதில் அடித்த சூறாவளி வீட்டுத் தகரக் கூரையைப் பெயர்த்துக் கரும்புத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டது. கான்கிரீட் வீடு கட்டும்வரை, இரண்டே வருடம் என்று சொல்லி அக்கா பாரிஸில் ஒரு வயதான மதாமைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். இரண்டு ஏழாயிற்று. வீடு எழும்பிவிட்டது. மேலே என்னைக் குடிவைக்க ஒரு மாடியும் எழும்பிவிட்டது. அக்கா மட்டும் திரும்பவில்லை. குழந்தை இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் அண்ணன் சமையலறையிலேயே பாய் போட்டுப் படுப்பார்.

அவர் கையில் ஒரு கடிகாரம்தான் இருந்தது. மனசில் இரண்டு ஓடின. சவாரி ஏற்றிக்கொண்டு போகும்போதே, "இப்போ அங்க எட்டு மணி. கிழவிக்குக் காபி போடுவா" என்பார். பக்கத்துத் தீவான ரெயூனியோனின் தொலைக்காட்சியில் பிரான்ஸின் வானிலை வரும் நேரத்தில் அவரிடம் யாரும் பேசக்கூடாது. பாரிஸில் இரண்டு டிகிரி என்று வந்தால், சுயாக்கின் வெயிலில் உட்கார்ந்துகொண்டு தோளைக் குறுக்குவார். இது நடிப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவைத் திரும்பி வரச் செய்ய அவர் கண்டுபிடித்த வழி ஒரு கார். லெ மோர்ன் பக்கத்தில் ஒரு கடற்கரை ஹோட்டல். விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரவும் தீவைச் சுற்றிக் காட்டவும் நிரந்தரமாக ஒரு காரும் டிரைவரும் வேண்டும் என்று தேடினார்கள். பழைய டாக்ஸி ஆகாது; பெரிய கார் வேண்டும். அண்ணன் தன் பழைய வண்டியை விற்று, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த பெரிய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். குளிர்சாதனம், மெத்தை இருக்கை, கதவைச் சாத்தினால் சத்தமே வராது. கையேடு முழுக்க ஜப்பானிய எழுத்து.

வந்த அன்று இரவே சாப்பாட்டு மேசையில் அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார். "ஹோட்டல் வேலை கையில வரட்டும், ரோபெர். வந்தா நான் போகல. வரலைன்னா ஜூலை இருபத்தெட்டுக்கு டிக்கெட் இருக்கு. ஒரு டாக்ஸிய நம்பி மறுபடியும் கூரை பறக்குறதுக்குக் காத்திருக்க என்னால முடியாது."

"வரும்" என்றார் அண்ணன்.

"வந்தா நல்லது. அந்த மீனை இப்படித் தள்ளு."

காருக்குப் பூஜை போட அக்கா வரட்டும் என்றுதான் காத்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோவில் வாசலில் கார் நின்றது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அனந்தகிருஷ்ண குருக்கள் கண்ணாடியில் விபூதிப் பட்டை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வண்டி வாங்கினால் மற்ற டிரைவர்கள் சேர்ந்து பூஜைக்கு ஏதாவது கொண்டுவர வேண்டும். வழக்கமாகத் தேங்காய், மாலை, இல்லையென்றால் ஒரு சாமி படம். இந்தத் தடவை ராஜன் தலைமையில் நாலு பேர் இரண்டு புது டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றிலும் சாமந்தி மாலை. வண்டியின் பின் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்து போயிருந்ததை ராஜன் பார்த்து வைத்திருந்தான்.

"காதோ, அண்ணே, காதோ!" என்றான் ராஜன். பரிசு என்று அர்த்தம். "ருக்மணி அக்கா ஏறுற வண்டி வழுக்கக் கூடாதில்ல? ஏற்கெனவே ஒரு தடவை வழுக்கி பாரிஸ்ல போய் விழுந்துட்டாங்க!"

"உன் வாய்க்கு ஒரு டயர் மாட்டணும்டா" என்றார் அக்கா.

அங்கேயே ஜாக்கி வைத்து டயரை மாற்றினார்கள். குருக்கள் பொறுமையாக நின்றார். பிறகு கற்பூரம் காட்டி, எலுமிச்சை நசுங்க, அண்ணன் வண்டியை ஒரு முழம் முன்னால் நகர்த்தினார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் விளக்கு எரிந்தது.

சறுக்குகிற கார் ஒன்றின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு. வேகமானியின் பக்கத்தில் இருந்தது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டியதும் மினுக்கியது. பிறகு யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல எஞ்சின் மூச்சைக் குறைத்தது. இன்னும் கொஞ்சம் போனால் விளக்கு நிலையாக எரிய ஆரம்பித்துவிடும்.

ஹோட்டல்காரர்கள் வண்டியைச் சோதிப்பது ஜூலை பத்தாம் தேதி.

அண்ணன் என்னை மாடியிலிருந்து கூப்பிட்டார். நான் பெருமையாகத்தான் இறங்கினேன். இந்தத் தீவில் அப்போது அப்படிப்பட்ட கார்கள் கொஞ்சம்தான். ஆனால் அந்த விளக்கு என்ன என்று எனக்குத் தெரியும். சக்கரம் பிடி இல்லாமல் வீணாகச் சுற்றினால், கார் அதைக் கண்டுபிடித்து எஞ்சினை அடக்கும். நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சார். அது, அந்தச் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று எண்ணிச் சொல்லும். ஆலையில் என் பின்னல் இயந்திரங்களிலும் அதே மாதிரி சென்சார்கள்தான்.

"கார் வந்த பிறகு ஏதாவது மாத்தினீங்களா, அண்ணே?"

"ஒண்ணும் மாத்தல, தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணும் இல்ல. பூஜை போட்டோம், அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். பூஜைக்கும் சென்சாருக்கும் என்ன சம்பந்தம் என்று சொன்னதாகக்கூட ஞாபகம். அவர் பொய் சொல்லவில்லை. மெக்கானிக் கையால் நடந்தால்தான் அவருக்கு அது மாற்றம். சாமி முன்னால், மாலை போட்டு, கற்பூரம் காட்டி வண்டியில் ஏறியது அருள். அருளைப் போய் யார் ரிப்பேர் கணக்கில் சேர்ப்பார்கள்? நானோ அந்தப் பூஜையில் நின்றவன். டயரை மாற்றியதைக் கண்ணால் பார்த்தவன். ஒருவேளை எனக்கும் அது பூஜையாகவே பதிந்துவிட்டதோ என்னவோ.

காத்ர் போர்ன் நகரத்துக் கராஜ் ஒன்றில் காட்டினோம். பின் சென்சாராக இருக்கலாம் என்றார்கள். நானும் "அதேதான்" என்றேன். சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

பத்தாம் தேதி ஹோட்டலின் போக்குவரத்து மேலாளர் மிஸ்யே இவ் வண்டியைத் தானே ஓட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். அதட்டவில்லை. "கார் அழகாக இருக்கிறது, ரோபெர். ஆனால் விருந்தினர் கண்ணில் எச்சரிக்கை விளக்கு படக் கூடாது. இருபத்து நாலாம் தேதி வரை இடத்தை வைத்திருக்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது" என்றார்.

அந்த இரண்டு வாரம் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. திருஷ்டி என்றார்கள் சிலர். பூசணிக்காய் உடைத்தார். விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடலாம் என்றான் ராஜன். "எஞ்சின் மூச்சு விடாம நிக்குதே, அதுக்கு எங்கடா ஒட்டுவ?" என்று கேட்டார் அக்கா.

இருபத்திரண்டாம் தேதி சென்சார் வந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றி, சென்சாரை மாட்டி, மறுபடியும் இணைத்தார்கள். விளக்கு எரியவில்லை. கராஜிலிருந்து லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து சுயாக் வந்தோம். எரியவில்லை. கடைத்தெருவுக்குப் போய் வந்தோம். எரியவில்லை. அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "படிப்பு, தம்பி, படிப்பு!" என்றார். அன்று மாலை அக்கா பாரிஸ் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார். மதாமுக்கு, நான் வரவில்லை என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு, ஒட்டாமல் வைத்தார். அண்ணன் ஏழு வருடத்தில் முதல் தடவையாகச் சமையலறைப் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டார்.

அந்த இரண்டு நாளைப் பற்றி அதற்குப்பிறகு அவர் பேசியதே இல்லை. நானும் கேட்கவில்லை.

இருபத்து நாலாம் தேதி காலை மூவரும் லெ மோர்னுக்குக் கிளம்பினோம். பே து காப் வளைவுகளில் கார் நன்றாகத்தான் போனது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பாறை. அங்கே யாரும் வேகமாக ஓட்ட முடியாது. அக்கா ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். வளைவுகள் முடிந்து சாலை நீண்டு கிடந்தது. அண்ணன் கொஞ்சம் மிதித்தார்.

மினுக்கியது.

அக்காவின் பாட்டு நின்றது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார். அணைந்தது. மறுபடி மெல்ல ஏற்றினார். மினுக்கி, எரிந்து, அப்படியே நின்றது. ஹோட்டல் வாசல்வரை எரிந்தது. மிஸ்யே இவ் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, அண்ணன் தோளில் கை வைத்தார். அந்த இடம் ரோஸ்-ஹில் ஆள் ஒருவருக்குப் போயிற்று.

திரும்பும் வழியில் அக்காதான் முதலில் பேசினார். "உன் மேல தப்பில்ல, ரோபெர். கார் மேலயும் இல்ல. நேரம்."

"இன்னும் ஆறு மாசம் இரு. வேற ஹோட்டல் பார்ப்பேன்."

"ஆறு மாசத்துல கிழவி வேற ஆள் வச்சுடுவா. அப்புறம் எனக்கு அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல."

இருபத்தெட்டாம் தேதி அண்ணனே அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். நான் போகவில்லை. என் முகத்தை அக்காவிடம் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. மாடியிலிருந்து பார்த்தேன். கார் தெருமுனை திரும்பும்வரை அக்கா பின் கண்ணாடி வழியாக வீட்டையே பார்த்துக்கொண்டு போனார்.

செப்டம்பரில் ஒரு நாள் நானும் அண்ணனும் போய்க்கொண்டிருந்தபோது, காத்ர் போர்ன் சந்தைக்கு அருகில் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. பக்கத்திலேயே டயர் ஒட்டும் கடை. கடைக்காரன் ஜான்-க்ளோட் பருத்த ஆள். வாயில் எப்போதும் அணைந்த சிகரெட். டிக்கியிலிருந்த மாற்றுச் சக்கரத்தை எடுத்து, கழற்றிய சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினான். நிறுத்தியவன் அப்படியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"இது யார் வச்ச டயர்?"

"ஏன்?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் அண்ணனும் தம்பியும் மாதிரி நிக்குதே, பாருங்க."

பூஜையன்று போட்ட புது டயர் ஒன்றரை விரல் உயரம் குறைவாக இருந்தது. வண்டியில் மாட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் தெரியும். ஜான்-க்ளோட் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, கடை வாசல் சிமெண்டில் ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்று உருட்டினான். சின்னது நாலு விரல் முன்னாலேயே சுற்றை முடித்துக்கொண்டது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. முன்னால் பெரிய டயர், பின்னால் சின்ன டயர். ஒரே தூரம் போக, சின்னது கூடுதலாகச் சுற்ற வேண்டும். சென்சார்கள் எண்ணுவது சுற்றை மட்டும். பின் சக்கரங்கள் வேகமாகச் சுற்றுகின்றன, ஆகவே அவை சறுக்குகின்றன என்று கார் முடிவு கட்டியிருக்கிறது. எந்தச் சென்சாரும் கெடவில்லை. பழையதும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. ஸ்டாண்டில் டயர் வாங்குபவர்கள் ஓரத்தில் வளையத்தின் அளவைச் சொல்லும் கடைசி எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். பதினைந்து என்றால் பதினைந்து. அகலத்துக்கும் உயரத்துக்கும் முன்னால் வேறு எண்கள் இருப்பதை அங்கே யாரும் படிப்பதில்லை. அவர்களுடைய சின்ன டாக்ஸிகளுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

நான் விளக்கிச் சொன்னேன். அண்ணன் தரையில் கிடந்த சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, மூணு மாசமா நான் சேத்துல ஓட்டுறேன்னு இந்தக் கார் நெனச்சுக்கிட்டு இருந்ததா?"

"ஆமா, அண்ணே."

"நல்ல தார் ரோட்டுல."

"நீங்க மாத்தினீங்களான்னு கேட்டப்போ நானாவது..."

"நீ கேட்ட. நான் பூஜைன்னு சொன்னேன்." பிறகு, "ராஜன் கிட்ட சொல்லாத, தம்பி. நாலு பேரும் சேர்ந்து, ஆசையா உருட்டிட்டு வந்தாங்க. தெரிஞ்சா அந்தப் பய சோறு தின்ன மாட்டான்" என்றார்.

சரியான அளவில் இரண்டு டயர் போட்டோம். கராஜில் விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் எண்பது, தொண்ணூறு என்று ஓட்டினார். அது எரியவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, எரிந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ராஜன் மறுநாளே கவனித்துவிட்டான். "எங்க காதோ எங்கண்ணே? வித்துட்டீங்களா?"

"வேற ஹோட்டல்ல கேட்டா, டயர் நாலும் ஒரே மாதிரி இருக்கணுங்கிறாங்கடா. உன்னோடது பத்திரமா வீட்டுல இருக்கு."

"பணக்காரங்க கண்ணே கண்ணு" என்று சிரித்துவிட்டுப் போனான். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

நவம்பரில் ரோஸ்-ஹில் ஆள் வேலையை விட்டுப் போனான். மிஸ்யே இவ் சொல்லியனுப்பினார். அண்ணன் போனார், மேலாளர் ஓட்டிப் பார்த்தார், அன்று மாலையே சாவி மாட்டும் பலகையில் அவர் பெயரை எழுதினார்கள். அண்ணன் என்னிடம்கூட நின்று சொல்லாமல் நேராக வீட்டுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். மாடிப்படியில் எனக்கு எல்லாம் கேட்டது. அவர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுத்தான் எப்போதும் பேசுவார். காதில் வைத்தால் அவள் தூரமாகிவிடுகிறாள் என்பார்.

"கிடைச்சிருச்சு, ருக்மணி."

பாரிஸில் ஏதோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"கிடைச்சிருச்சா? நெஜமாவா?"

"பேரு எழுதிட்டாங்க."

"ரோபெர், நான் போன வாரம்தான் கிழவிக்குக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஜூலை வரைக்கும். அவளுக்கு இப்போ நடக்க முடியல. பாத்ரூமுக்குக்கூட நான் தூக்கணும். பாதியில விட்டுட்டு எப்படி வர்றது?"

"வேணாம். விட்டுட்டு வராத."

"கோவமா?"

"இல்ல. அங்க குளிரா?"

"மழை." அக்கா மூக்கை உறிஞ்சினார். அழுகையா, சளியா என்று தெரியவில்லை. பிறகு கேட்டார். "ஹோட்டல் ஆளுங்களக் கூட்டிட்டுப் போறப்போ உன் பக்கத்துல யார் உக்காருவா?"

"யாரும் இல்ல. எல்லாரும் பின்னாலதான் உக்காருவாங்க. மிஸ்யே இவ் அப்படித்தான் சொல்லியிருக்கார்."

"அப்போ அங்க பையை வைக்காத. தண்ணி பாட்டிலும் வைக்காத. காலியாவே இருக்கட்டும்."

"ஜூலை வரைக்குமா?"

"ஜூலை வரைக்கும்."